எட்டு மாதம் தவறாமல் செய்த கெகல் பயிற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

பரிந்துரைக் கடிதத்தில் மூன்றே வரிகள் இருந்தன. 52 வயது. கலப்பு வகைச் சிறுநீர்க் கசிவு, கூடவே பிறப்புறுப்பின் முன்சுவர் இறக்கம். எட்டு மாதம் கெகல் பயிற்சி செய்தும் பலன் இல்லை, அறுவை சிகிச்சைக்கு முன் ஒருமுறை பார்க்கவும்.

கெகல் என்பது இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. இடுப்புத்தளப் பிசியோதெரபிஸ்டான எனக்கு, "பயிற்சி செய்தும் பலன் இல்லை" என்பது பழகிப்போன வரி. அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: பயிற்சி உண்மையிலேயே நடந்ததா என்று யாராவது தொட்டுப் பார்த்தார்களா? இந்த அம்மாவின் சிகிச்சையை முழுதாக எழுதிவைக்க நினைத்ததும் அந்தக் கேள்வியால்தான். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த அன்று சொன்னது

ஆசிரியை. நாள் முழுக்க நின்றபடி வேலை. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம் என்றுதான் முதலில் சொன்னார். கொஞ்சம் கிளறிக் கேட்டபோது, முதல் குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்ததும், நிறையத் தையல் போட்டதும் வெளியே வந்தது. மூன்றாவது குழந்தை 3.9 கிலோ. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக மாத்திரை சாப்பிடுகிறார்.

மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகே தும்மினால் இரண்டு சொட்டு வரும். பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம் என்று எல்லோரும் சொல்ல, அவரும் அப்படியே நம்பி வருடங்களை ஓட்டிவிட்டார். கடந்த ஒரு வருடத்தில்தான் நிலைமை மோசமாகியிருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு பேட். வகுப்பில் இருமல் வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பி, காலைக் காலோடு பின்னிக்கொண்டு இருமுவாராம். வீட்டுக் கதவுக்குச் சாவி போடும் நேரத்தில் அவசரம் தலைக்கேறும், தாழ் திறப்பதற்குள் நனைந்துவிடும். அப்புறம் இன்னொன்று: "சாயங்காலம் ஆனா அடியில ஏதோ உருண்டையா இறங்கி நிக்குது டாக்டர். உட்கார்ந்தா அது மேலயே உட்கார்ற மாதிரி இருக்கு."

பயிற்சி பற்றிக் கேட்டதும் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மருத்துவமனையில் கொடுத்தது. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கவும், பத்து வரை எண்ணவும், தினமும் 200 முறை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. மடிப்புகள் கிழியும் அளவுக்கு அந்தத் தாள் நைந்துபோயிருந்தது. விடைத்தாள் திருத்தும்போது, பயணத்தில், தூங்கப் போகும் முன் என்று எண்ணி எண்ணிச் செய்திருக்கிறார்.

"ஒரு நாள் விட்டதில்லை. எனக்கு ஒத்துக்கலை."

தப்பு தன் உடம்பில்தான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். கடமை தவறாத ஒருவர் தோற்றுப்போனதாக நினைத்துக் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

யாரும் தானாகச் சொல்லாத சில விஷயங்களை நான் நேராகவே கேட்டுவிடுவேன். மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கிறதா? ஆமாம், பல வருடமாக. காற்றை அடக்க முடிகிறதா? கூட்டத்தில் சில சமயம் முடிவதில்லை. கணவரோடு நெருக்கம்? இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "என் இருமல்ல அவர் தூக்கம் கெட வேண்டாம்னு ஒரு வருஷமா அடுத்த ரூம்ல படுத்துக்கறேன்."

எந்த இருமல் என்று கேட்டேன். சளி இல்லாத வறட்டு இருமல், ராத்திரியில் அதிகம், சாக்பீஸ் தூசியாக இருக்கும் என்றார். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லையாம். மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். எனலாப்ரில். ஆரம்பித்து 14 மாதம் ஆகியிருந்தது. கசிவு மோசமானதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ஏஸ் தடுப்பி மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது எந்த மருத்துவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் சிறுநீர்க் கசிவுக்காக வரும் பெண்ணிடம் இருமலைப் பற்றி யாரும் கேட்பதில்லை, இருமலுக்காகப் போகும் இடத்தில் கசிவைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. இரண்டும் தனித்தனி ஃபைல்களில் கிடந்தன.

டயரியும் சோதனைகளும்

மூன்று நாள் சிறுநீர் டயரி எழுதச் சொல்லி அனுப்பினேன். என்ன குடித்தார், எத்தனை மி.லி. கழித்தார், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அளவுக் குவளையில் பிடித்து எழுத எல்லோருக்கும் முதலில் கூச்சம்தான். ஆனால் பல ஸ்கேன்கள் சொல்லாததை இந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

அவர் ஆசிரியை அல்லவா, கோடு போட்டு அழகாக எழுதிவந்தார். நாளொன்றுக்குக் குடித்தது சுமார் 1,200 மி.லி., அதில் 500 காபியும் தேநீரும். பகலில் 11 முறை, இரவில் ஒருமுறை கழிப்பு. காலை எழுந்ததும் 320 மி.லி. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 50, 60, 80 மட்டுமே. மூன்று நாளில் கசிவு 16 முறை: பத்து இருமலில், நான்கு அவசரத்தில், இரண்டு பாரம் தூக்கியபோது.

அந்த 320-ஐத்தான் அவருக்கு வட்டம் போட்டுக் காட்டினேன். இந்தச் சிறுநீர்ப்பை சின்னதாகிவிடவில்லை, 320 பிடிக்கத் தெரிந்த பைதான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு பீரியடுக்கும் நடுவில் போய்ப் போய், 60 மி.லி. சேர்ந்தாலே மணி அடிக்க அதைப் பழக்கிவிட்டார். கசிவுக்குப் பயந்து தண்ணீரையும் குறைத்திருக்கிறார். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்துகிறது, உறுத்தல் அவசரமாகிறது, மலச்சிக்கலும் கூடுகிறது, முக்க முக்க அடித்தளம் இன்னும் தளர்கிறது. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகிறது.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரில் தொற்று இல்லை, ரத்தம் இல்லை. சர்க்கரை சரியாக இருந்தது. கழித்தபின் பையில் தங்கியது 30 மி.லி., கவலைப்பட வேண்டிய அளவு இல்லை. 24 மணி நேரம் பயன்படுத்திய பேட்களை எடைபோட்டதில் 58 கிராம் கசிவு. கசிவின் கடுமையை அளக்கும் ஐசிஐக்யூ வினாத்தாளில் 21-க்கு 16. சிறுநீரில் ரத்தம், அடிக்கடி திரும்பும் தொற்று, திடீரென்று மரத்துப்போகும் கால்கள் என்று ஏதாவது இருந்திருந்தால் பயிற்சியைப் பற்றிப் பேசும் முன்பே வேறு பரிசோதனைகளுக்கு அனுப்பியிருப்பேன்.

பரிசோதனை மேசையில்

என்ன செய்யப்போகிறேன், ஏன், எந்த நிமிடமும் நிறுத்தச் சொல்லலாம் என்பதையெல்லாம் முதலில் பேசிவிட்டுத்தான் தொடங்கினேன். பிறப்புறுப்பின் உட்சுவர் வெளிறி, மெலிந்து, வறண்டிருந்தது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் வரும் மாற்றம் அது. இறக்கத்தை அளக்கும் பாப்-கியூ அளவையில் கன்னித்திரை இருந்த விளிம்பைப் பூஜ்யமாக வைத்துக் கணக்கிடுவோம். முக்கும்போது முன்சுவர் சரியாக அந்த விளிம்பு வரை இறங்கியது, அதாவது இரண்டாம் நிலை. கருப்பை வாய் விளிம்புக்கு 5 செ.மீ. மேலேயே இருந்தது. "கர்ப்பப்பையே இறங்கிடுச்சு, எடுக்கணும்" என்று அவர் பயந்துகொண்டிருந்ததற்கு ஆதாரம் இல்லை. இறங்கியிருந்தது சிறுநீர்ப்பையைத் தாங்கும் முன்சுவர். இருமச் சொன்னதும் சிறுநீர் பீறிட்டது.

அடுத்து, ஒரு விரலை உள்ளே வைத்து, எட்டு மாதமாக எப்படிச் செய்கிறாரோ அப்படியே இறுக்கச் சொன்னேன்.

மூச்சைப் பிடித்தார். தொடைகள் ஒட்டின, புட்டம் கல்லானது, அடிவயிறு முன்னால் துருத்தியது. என் விரல் வெளியே தள்ளப்பட்டது.

இடுப்புத்தளத் தசை சரியாகச் சுருங்கினால் விரலைக் கவ்வி உள்ளேயும் மேலேயும் இழுக்கும். இவருக்கு நடந்தது நேர் எதிர். அவர் முக்கிக்கொண்டிருந்தார். தினம் 200 முறை, எட்டு மாதம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 48,000 முறை, ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த சுவரைத் தன் முயற்சியாலேயே கீழே தள்ளியிருக்கிறார்.

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிறகு கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, இறுக்கும்போது அவரையே பார்க்கச் சொன்னேன். ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே உள்ள இடம் வெளிப்பக்கம் பிதுங்கியது. பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்போ இவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உங்களுக்கு இதை யாரும் கற்றுத் தரவில்லை அம்மா, ஒரு தாளைத்தான் கொடுத்தார்கள் என்றேன்.

இது அபூர்வமான சம்பவம் இல்லை. 1991-இல் பம்ப் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், வாய்வழியாக மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட 47 பெண்களில் பாதிப் பேர்தான் சரியாக இறுக்கினார்கள். கால்வாசிப் பேர் செய்தவிதம் கசிவை அதிகமாக்கக்கூடியதாக இருந்தது. இந்தப் பயிற்சிக்குப் பெயர் தந்த ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதியபோதே விரலால் சோதித்தார், தசையின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியையும் கூடவே வைத்துக்கொண்டார். பெண்கள் தாங்கள் சுருக்குவதைக் கண்ணால் பார்த்துக் கற்றார்கள். அவர் பெயர் மட்டும் தாளில் அச்சாகி உலகம் சுற்றுகிறது, விரலும் கருவியும் எங்கோ வழியில் விடுபட்டுவிட்டன.

வேறு வார்த்தையில் சொல்லிப் பார்த்தேன். "காத்து வெளியே போகாம அடக்குற மாதிரி பின்பக்கத்தை மெதுவா மூடுங்க. அப்படியே அதை முன்பக்கம் கொண்டுவாங்க. வாயால லேசா ஊதிக்கிட்டே." நான்காவது முயற்சியில் விரலைச் சுற்றி ஒரு சின்னக் கவ்வல் தெரிந்தது. "இதுதான்" என்றேன். "இதா? இவ்வளவு சின்னதா?" என்று கேட்டார். ஆமாம், அவ்வளவு சின்னது. தசையின் வலுவைக் குறிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலில் 5-க்கு 2, இரண்டு விநாடி நின்றது, நான்கு முறைக்குமேல் வரவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் விரலில் தட்டுப்பட்டன. இடது பக்கம், சிறுநீர்க்குழாய்க்கு அருகில் தசை எலும்போடு சேர வேண்டிய இடத்தில் வெற்றிடம். ஆயுதம் போட்ட பிரசவங்களில் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். முதல் பிரசவத்தின் தழும்பு அதுவாக இருக்கலாம் என்று நினைத்தேன், பின்னர் எடுத்த அல்ட்ராசவுண்டும் அதையே சொன்னது. வலது பக்கமோ கயிறு போல இறுகி, அழுத்தினால் வலித்தது. ஒரு பக்கம் இல்லாததற்கும் சேர்த்து மறுபக்கம் ஓய்வில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பலவீனம் என்றவுடன் தளர்ச்சி என்றே நினைக்கிறோம். தளரத் தெரியாத தசையும் பலவீனமானதுதான், அதை மேலும் இறுக்கச் சொன்னால் வலிதான் மிஞ்சும்.

ஏன் கசிகிறது என்று அவருக்குச் சொன்னது

முன்னால் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தூளி கட்டியதுபோல இந்தத் தசைகள் தொங்குகின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அந்தத் தூளி. இருமும்போது வயிற்றின் அழுத்தம் மேலிருந்து சிறுநீர்க்குழாயை அமுக்குகிறது. அடியில் தாங்கல் உறுதியாக இருந்தால் குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். தண்ணீர்க் குழாயைச் சிமெண்ட் தரையில் வைத்து மிதித்தால் நீர் நிற்கும், மெத்தையில் வைத்து மிதித்தால் குழாய் அமிழ்ந்து நீர் ஓடிக்கொண்டே இருக்கும். அவருடைய அடித்தளம் மெத்தையாகியிருந்தது. அதன் மேல் நாளெல்லாம் இருமல் மிதித்துக்கொண்டிருந்தது.

சாவி போடும்போது வருவது வேறு வகை. அங்கே பையே தவறான நேரத்தில் சுருங்குகிறது. ஒருவருக்கே இரண்டும் இருப்பதைத்தான் கலப்பு வகை என்கிறோம். சிறுநீர்க்குழாய்க்கு அடியில் பட்டை வைக்கும் அறுவை முதல் வகைக்கு நன்றாக வேலை செய்யும், இரண்டாவது வகையைத் தீர்க்கும் என்று சொல்ல முடியாது. ஓயாத இருமலோடும் மலச்சிக்கலோடும் இறக்கத்தைத் தைத்துச் சரிசெய்தால், அந்தத் தையல் மறுநாளிலிருந்தே அடிவாங்கும். அனுப்பிய மகப்பேறு மருத்துவரிடம் இதைப் பேசினேன். அறுவையை மூன்று மாதம் தள்ளிவைக்க அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

சிகிச்சை

முதல் வேலை ஒரு கடிதம் எழுதியது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தந்த மருத்துவருக்கு, இருமலையும் கசிவையும் சேர்த்து எழுதினேன். எனலாப்ரிலை நிறுத்தி, அவர் லோசார்டான் என்ற வேறு வகை மாத்திரை கொடுத்தார். மாத்திரையை அந்த அம்மாவாக நிறுத்திவிடக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். மூன்றாவது வாரத்தில் இருமல் அநேகமாக நின்றுவிட்டது. தசை ஒரு துளிகூட வலுவாகாத அந்த நேரத்திலேயே பேட் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

முதல் இரண்டு வாரம் இறுக்கும் பயிற்சியே தரவில்லை. இது அவருக்குப் பெரிய அதிர்ச்சி. பக்கவாட்டில் படுத்து, விலா விரிய மூச்சிழுத்து, மூச்சு உள்ளே வரும்போது அடித்தளம் தளர்ந்து இறங்குவதை உணர்வது மட்டும்தான் வேலை. வலது பக்க இறுக்கத்தைக் கையால் நீவித் தளர்த்தினேன். நாளைக்கு 200 செய்த பழக்கம் விடுவதாக இல்லை, ரகசியமாக நூறு செய்துவிட்டு வந்து ஒருநாள் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரத்திலிருந்து சுருக்கம். இரண்டு விநாடி பிடிப்பு, அதைவிட நீண்ட தளர்வு, நான்கு முறை, தினமும் மூன்று வேளை. அவ்வளவுதானா என்றார். நான்கு சரியாக வந்தால் ஐந்தாவதைச் சேர்ப்போம், ஐந்தாவதில் புட்டம் இறுகினால் அங்கேயே நிறுத்துவோம் என்றேன். குறைந்தது எட்டுச் சுருக்கங்கள், தினம் மூன்று வேளை, மேற்பார்வையோடு மூன்று மாதம் என்பதுதான் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்லும் முதல் சிகிச்சை. அந்த எட்டைத் தொட அவருக்கு ஏழு வாரம் ஆனது. படுத்துச் செய்ததை உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு கைப்பையைத் தூக்கும்போது என்று நகர்த்தினோம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதை அடியோடு விடச் சொன்னேன். பை முழுதாகக் காலியாகும் ஒழுங்கை அது குலைத்துவிடும்.

இருமுவதற்கும் தும்முவதற்கும் முன் இறுக்கிக்கொள்ளும் உத்தியை இருமல் குறைந்த பிறகு கற்றுக்கொடுத்தேன். தசை வலுவாகக் காத்திருக்க வேண்டியதில்லை, நேரம் சரியாக அமைந்தாலே கசிவு குறையும். நாள் முழுக்க இருமிக்கொண்டிருந்தவருக்கு முதல் வாரமே இதைச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு இருமலிலும் தோற்றிருப்பார்.

பைக்குத் தனிப் பாடம். தண்ணீரைக் கூட்டி, நாள் முழுதும் பிரித்துக் குடிக்கச் சொன்னேன். காபி, தேநீரை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கச் சொன்னேன். ஒரு மணி நேர இடைவெளியில் தொடங்கி, அது சௌகரியமானதும் 15 நிமிடம் கூட்டினோம். அவசரம் வந்தால் ஓடக் கூடாது. ஓடினால் பை குலுங்கும், பதற்றம் கூடும். நின்ற இடத்தில் நின்று, ஐந்தாறு முறை வேகமாக இறுக்கி விட்டு, அலை தணிந்தபின் நிதானமாக நடக்க வேண்டும். இந்தத் தசை சுருங்கும்போது பையின் சுருக்கம் அடங்குகிறது, நரம்பு இணைப்பே அப்படி. முதல் தடவை கதவுக்கு முன்னால் சாவியோடு அசையாமல் நின்று அலையைத் தாண்டியதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "நின்னேன் டாக்டர். அது போயிடுச்சு."

மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து, காலடியில் ஒரு சின்ன முக்காலி, முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி கழிப்பது. கண்டிப்பாக முக்கக் கூடாது. சுவரின் வறட்சிக்கு மகப்பேறு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதினார், இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. ஹார்மோன் என்றதும் பயந்தார். உள்ளே தடவும் இந்தக் குறைந்த அளவில் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம் என்று மருத்துவரே உட்கார்ந்து விளக்கினார்.

எடை பற்றிப் பேசும்போது நான் கவனமாக இருப்பேன். கசிவோடு வரும் பெண்ணிடம் எடுத்தவுடன் குண்டாக இருக்கிறாய் என்று சொல்லி அனுப்புவது கொடுமை. ஆனால் விஷயம் உண்மை. 2009-இல் வெளியான பிரைட் ஆய்வில், உடல் எடையில் சராசரி 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 28. இருமல் நின்று, கசிவு குறைந்து, நடக்கத் தைரியம் வந்தபின்தான் இந்தப் பேச்சை எடுத்தேன். ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்தது.

அவசரத்துக்கு மாத்திரை தரலாமா என்றும் யோசித்தோம். ஆக்ஸிபியூட்டினின், சாலிஃபினாசின் வகை மலச்சிக்கலைக் கூட்டும், மிராபெக்ரான் என்றால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். பயிற்சியிலேயே அவசரம் அடங்கியதால் தேவைப்படவில்லை.

வளையம் வைத்தபின் நடந்தது

ஆறாவது வாரம் மகப்பேறு மருத்துவர் சிலிக்கோன் வளையப் பெஸரி பொருத்தினார், இறங்கிய சுவரை உள்ளிருந்து தாங்கும் சாதனம் அது. உருண்டை போன இடம் தெரியவில்லை. சாயங்காலம் வரை நின்றாலும் பாரம் இல்லை. சந்தோஷமாகப் போனவர் நான்காம் நாள் அழுதுகொண்டே வந்தார். கசிவு முன்பைவிட அதிகமாகிவிட்டது, மறுபடி நான்கு பேட்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும், ஆனால் அவரிடம் முன்கூட்டிச் சொல்ல மறந்திருந்தேன். முன்சுவர் இறங்கும்போது சிறுநீர்க்குழாய் மடங்கிக்கொள்கிறது, மடிந்த குழாயில் நீர் நிற்பதுபோல அதுவே கொஞ்சம் கசிவைத் தடுத்துக்கொண்டிருந்தது. வளையம் சுவரைத் தூக்கியதும் மடிப்பு நிமிர்ந்து, மறைந்திருந்த கசிவு வெளியே வந்துவிட்டது. இறக்கத்துக்கு அறுவை செய்தபின் சிலருக்குப் புதிதாகக் கசிவு வருவதும் இப்படித்தான். முதலிலேயே நான் சொல்லியிருந்தால் அந்த நான்கு நாளும் பயிற்சியெல்லாம் வீணாகிவிட்டது என்று அவர் அழுதிருக்க வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

சிறுநீர்க்குழாய்க்கு அடியில் அண்டைகொடுக்கும் சின்னக் குமிழோடு வரும் வளையமாக மருத்துவர் மாற்றிப் பொருத்தினார். அது ஒத்துக்கொண்டது. வாரம் ஒருமுறை தானே எடுத்துக் கழுவி, இரவு வெளியே வைத்துவிட்டு, காலையில் பொருத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டார். இந்தத் தற்செயல் சோதனையால் ஒரு பயனும் உண்டு: எப்போதாவது இறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டால் கசிவையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பது அவருடைய ஃபைலில் இப்போது எழுதப்பட்டிருக்கிறது.

ஆறு மாதத்தில்

பகலில் ஏழு முறை, ஒவ்வொன்றும் 200 முதல் 300 மி.லி. பேட் எடை 58 கிராமிலிருந்து 7. ஐசிஐக்யூ 16-லிருந்து 5. வலது பக்கத் தசை 5-க்கு 4, பிடிப்பு எட்டு விநாடி. இடது பக்கம் 2-ஐத் தாண்டவில்லை, தாண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எலும்பிலிருந்து பிய்ந்த தசையைப் பயிற்சி திரும்ப ஒட்டவைக்காது. வளையத்தை எடுத்துவிட்டு அளந்தால் முன்சுவர் அதே இடத்தில்தான் நிற்கிறது. பயிற்சி இறக்கத்தின் தொந்தரவைக் குறைக்கலாம், தொங்கியதை மேலே ஏற்றிவிடும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. காற்றை அடக்குவதில் முன்னேற்றம் உண்டு, முழுதாக இல்லை.

அறுவையைப் பற்றி மறுபடி பேசினோம். செயற்கை வலை வைத்தால் ஆபத்து என்று எங்கோ படித்திருந்தார். இரண்டையும் பிரித்துச் சொன்னேன். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை 2019-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நிறுத்தியது. கசிவுக்காகச் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் வைக்கும் மெல்லிய பட்டை வேறு, பல நாடுகளில் அது தொடர்கிறது. ஆனால் பிரிட்டனில் அதையும் 2018-இல் இடைநிறுத்தினார்கள். வலையே வேண்டாம் என்பவர்களுக்கு உடம்பின் சொந்தத் திசுவில் பட்டை வைப்பது, சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தையலால் தூக்கிப்பிடிக்கும் பர்ச் முறை போன்ற வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார். இன்னொருவர் இதே நிலையில் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதுவும் சரியான முடிவுதான். அறுவையைத் தவிர்த்துக் காட்டுவது என் நோக்கமாக இருக்கவில்லை. எதைச் செய்தாலும் சரியான நோயறிதலோடு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மேற்பார்வையோடு செய்யும் பயிற்சிக்கு ஆதாரம் வலுவானது. 2018-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், இருமல்–தும்மல் வகைக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம். பயிற்சியால் பலன் கண்டிருக்கக்கூடிய பெண்ணை, எட்டு மாதம் ஒரு தாளோடு தனியாக விட்டோம். 'பலன் இல்லை' என்று எழுதும் முன் கையுறை போட்டு ஒரு நிமிடம் சோதித்தால் போதும். சோதிக்க நேரமில்லை என்றால் சோதிப்பவரிடம் அனுப்பலாம். இதை யாரையும் குறைசொல்ல எழுதவில்லை, ஆனால் மென்று விழுங்கவும் மனமில்லை.

இனி என் முதல் நாள் படிவத்தில் இருமலும் மாத்திரைப் பட்டியலும் மேலே முதல் வரியில் இருக்கும். வளையம் வைக்கப் போகும் ஒவ்வொருவரிடமும் கசிவு கூடலாம் என்று சொல்லி, சொன்னதைக் குறித்துவைக்கிறேன்.

கடைசியாக வந்தபோது, பை நிறைந்த நிலையில், வளையத்தை எடுத்துவிட்டு, மூன்றாக மடித்த காகிதத் துண்டை அடியில் பிடித்தபடி நின்று இருமச் சொன்னேன். மூன்று முறை பலமாக இருமினார். காகிதத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரம். காகிதத்தை மாற்றி, இந்தத் தடவை இறுக்கிக்கொண்டு இருமச் சொன்னேன். மூச்சைப் பிடிக்கவில்லை, தோள் தூக்கவில்லை, வெளியே எதுவும் அசையவில்லை. மூன்று முறை இருமினார். காகிதத்தை எடுத்து அவரே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

"இதை நான் வச்சுக்கவா?" என்று கேட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வளையத்தைப் பரிசோதிக்க அடுத்த தேதியைத் தேர்வுகள் முடிந்தபின் கேட்டார், கொடுத்தேன்.